43 கணக்குகள், ஒரு மின்தடை: பாட் பிடிக்க எந்த வழி தோது?

வண்ணார்பேட்டையில் ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடி. ஃபேனைப் போட்டால் காகிதம் பறக்கும், அணைத்தால் ஆள் வெந்துவிடுவான். அந்த அறையிலிருந்துதான் என் மச்சினனும் அவன் கூட்டாளிகள் இரண்டு பேரும் ஒரு ஆன்லைன் விளையாட்டை நடத்துகிறார்கள். ஆற்றங்கரையில் நெல்லும் வாழையும் போட்டு, சந்தையில் விற்று, மாடு, வண்டி, தோப்பு என்று சேர்த்துக்கொண்டே போகிற ஆட்டம். பணம் கட்டி ஆடுகிற சமாச்சாரம் இல்லை. விளம்பரத்தில் வருவதும், வண்டிக்கு வர்ணம் மாற்ற ஆட்டக்காரர்கள் கொடுக்கிற பத்து இருபது ரூபாயும்தான் வரும்படி. சர்வர் வேலை என் பொறுப்பு. சம்பளம் பேசவில்லை. மச்சினனிடம் எப்படிப் பேச?

பங்குனியில் ஒரு மூட்டை நெல் ஆட்டத்துக்குள் 40 செம்புக்கு விற்றது. ஆனி பிறக்கும்போது 11. விளைச்சலை நாங்கள் கூட்டவில்லை. எங்கிருந்தோ நெல் கொட்டிக்கொண்டே இருந்தது. யார் எப்போது என்ன செய்தார்கள் என்று சர்வர் எழுதிவைக்கிற லாகை இரண்டு நாள் புரட்டியதில் விஷயம் பிடிபட்டது: தூங்காத கைகள் அறுத்துக்கொண்டிருக்கின்றன. பாட். (தமிழில் எழுதினால் பாட்டு மாதிரி இருக்கிறது. தடைசெய்வதைப் பேன் என்று எழுதினாலோ தலை அரிக்கிறது. பாட்டை விட்டுவைத்து, பேனை மட்டும் தடை என்று மாற்றிக்கொள்கிறேன்.) ஆள் உட்கார வேண்டிய இடத்தில் ஒரு நிரல் உட்கார்ந்து நாள் முழுக்க அறுக்கும். சேர்ந்த நெல்லை வெளியே யாரோ உண்மையான ரூபாய்க்கு வாட்ஸப்பில் விற்பார்கள்.

இதைத் தடுக்க வழி பல உண்டு. எங்களிடம் இருந்ததோ நான்கு பேர், ஒரு வாடகை சர்வர், ஒரு மாதம். எல்லாவற்றையும் செய்ய முடியாது. எதை எடுப்பது, எதை விடுவது என்று நாங்கள் அடித்துக்கொண்ட சண்டைதான் இந்தக் கட்டுரை. சின்ன ஆட்டம் நடத்துகிறவர்களுக்கும், தன் கணக்கு ஏன் போனது என்று புரியாமல் நிற்கிற ஆட்டக்காரர்களுக்கும் உதவும்.

முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்ள வேண்டும். இந்தக் கணக்கை ஓட்டுவது ஆளா, நிரலா என்பது ஒரு கேள்வி. இந்தக் கணக்கும் அந்தக் கணக்கும் ஒருவனுடையவைதானா என்பது வேறு கேள்வி. முதலாவதைக் கண்டுபிடிக்கிற கருவி இரண்டாவதுக்கு உதவாது. நாங்கள் இரண்டையும் போட்டுக் குழப்பியதில்தான் முதல் சறுக்கல்.

முகவரியை வைத்துப் பிடிப்பது

எல்லோருக்கும் முதலில் தோன்றுவது இதுதான். ஒரே ஐபி முகவரியிலிருந்து, அதாவது இணையத்தில் ஓர் இணைப்பைக் குறிக்கிற எண்ணிலிருந்து, முப்பது கணக்கு வந்தால் ஒருவன்தானே? செலவே இல்லை, பத்து வரி நிரல் போதும். ஒரு சனிக்கிழமை இரவு அதைப் போட்டோம். ஒரு முகவரிக்கு ஐந்து கணக்குக்கு மேல் இருந்தால் மொத்தமாகத் தடை.

ஞாயிறு காலை மச்சினன் போன் அடித்தது. சின்னப் பையன் குரல்.

"அண்ணாச்சி, மேலப்பாளையத்துலேர்ந்து பேசுதேன். எங்க வீட்டுல மூணு ஐடியும் போயிட்டு."

"மூணு ஐடி எதுக்குலே உனக்கு?"

"எனக்கு ஒண்ணுதான் அண்ணாச்சி. வீட்டுல ஒரே போனு. பகல்ல அம்மா பீடி சுத்துத நேரம் நான் ஆடுவேன். ராத்திரி அக்கா ஆடுவா. ஞாயித்துக்கிழம அம்மாவும் மாடு மேய்ப்பா. அம்மா மாடுதான் எங்க மூணு பேருலயும் பெருசு."

அம்மா மாட்டைத் திருப்பிக் கொடுப்பதற்குள் இன்னும் ஏழெட்டு அழைப்பு. ஒரு கல்லூரி விடுதியில் ஒரே வைஃபையில் ஆடிய பிள்ளைகள் மொத்தமும் காலி. அதைவிட மோசம், ஒருவரையொருவர் தெரியாத ஆட்கள், ஒருவர் அம்பாசமுத்திரம், ஒருவர் வள்ளியூர், இரண்டு பேரும் ஒரே முகவரியில் வந்து மாட்டியிருந்தார்கள்.

காரணம் எளிது. பழைய முறை ஐபி முகவரிகள் உலகத்திலேயே சுமார் 430 கோடிதான். அதனால் செல்போன் நிறுவனங்கள் ஒரு பொது முகவரிக்குப் பின்னால் பெரும் கூட்டத்தை உட்கார வைக்கின்றன. தெருவுக்கு ஒரே குழாய் மாதிரி. குடம் வைத்தவர்கள் எல்லாரும் ஒரே வீடு என்று சொன்னால் சிரிப்பார்கள். 2007 புத்தாண்டு நாளில் விக்கிப்பீடியா இந்தக் குழியில் விழுந்தது. விஷமம் செய்த ஒரு முகவரியைத் தடுத்தார்கள். கத்தார் நாட்டு இணையப் போக்குவரத்து ஏறக்குறைய முழுதும் அந்த ஒரே முகவரி வழியாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

ஆக, நம் பக்கத்தில் ஐபி முகவரியை வைத்து யாரையும் தண்டிக்கக் கூடாது. எதை முதலில் விசாரிப்பது என்று வரிசை போடுவதற்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம். அதிலும் ஒரு வேறுபாடு உண்டு. வாடகை சர்வர் கூடங்களின் முகவரியிலிருந்து ஒருவன் நெல் அறுக்கிறான் என்றால் அது சந்தேகத்துக்குரியதுதான். சம்சாரி யாரும் டேட்டா சென்டருக்குள் உட்கார்ந்து ஆடமாட்டான்.

போனின் அங்க அடையாளம்

அடுத்து மச்சினன் சொன்னது கருவி அடையாளம். கணினி விளையாட்டுகளில் வட்டின் வரிசை எண், தாய்ப்பலகை எண், வலையட்டை எண் எல்லாம் சேர்த்து ஒரு கைரேகை மாதிரி எடுத்து வைப்பார்கள். தடைபட்டவன் புதுக் கணக்கோடு வந்தாலும் அதே பெட்டி என்று தெரிந்துவிடும். கணக்குகளை ஒன்றோடொன்று முடிச்சுப் போடுவதற்குக் கணினியில் இது நல்ல வழி.

போனில் கதை வேறு. 2017ல் வந்த ஆண்ட்ராய்டு 8 முதல், செயலி பார்க்கிற கருவி எண் ஒவ்வொரு செயலித் தயாரிப்பாளருக்கும் வேறு வேறாகத் தெரியும். போனை முழுசாக அழித்துப் புதுப்பித்தால் அதுவும் மாறிவிடும். ஆண்ட்ராய்டு 10க்குப் பிறகு ஒவ்வொரு போனுக்கும் உரிய ஐஎம்இஐ எண்ணைச் சாதாரணச் செயலி கேட்டாலும் கிடைக்காது. ஆப்பிள் இதில் படு கறார்: ஒரு கருவியைப் பற்றி நாம் நினைவு வைத்துக்கொள்ள இரண்டே இரண்டு பிட் தருகிறது. ஆம், இல்லை என்று இரண்டு பதில் எழுதலாம், அவ்வளவுதான். தனியுரிமைக்கு நல்லது. எங்களுக்குக் கஷ்டம்.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஜங்ஷன் பக்கம் பழைய போன் விற்கிற கடைகளில் வாரத்துக்கு எத்தனை போன் கை மாறுகிறது! தடைபட்ட போனை நாலாயிரம் ரூபாய்க்கு வாங்கிய அப்பாவிப் பெண்ணிடம் போய், உன் போனுக்கு முன் ஜென்மப் பாவம் இருக்கிறது என்றா சொல்ல முடியும்? கருவி அடையாளத்தையும் விசாரணை வரிசைக்கே ஒதுக்கினோம். ஒரு விதிவிலக்கு மட்டும்: உண்மையான போனா, கணினிக்குள் ஓடுகிற போலிப் போனா என்று கூகுளின் சரிபார்ப்புச் சேவை சொல்லும். ஒரே நேரத்தில் ஒரே மாதிரி இருபது போலிப் போன் என்றால் காது நிமிரும். ஆனாலும் போன் வாங்க வசதியில்லாமல் அண்ணன் கணினியில் எமுலேட்டர் போட்டு ஆடுகிற பிள்ளைகள் இங்கே உண்டு. அதனால் அதுவும் தீர்ப்பாகாது.

வீட்டுக்குள் காவல்காரன்

பெரிய நிறுவனங்கள் ஆட்டக்காரரின் கணினிக்குள்ளேயே காவல் போடுகின்றன. வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் நடத்துகிற பிளிசார்டின் காவல் நிரல் வார்டன் இரண்டாயிரத்துகளின் நடுவிலேயே நினைவகத்தைத் துழாவி, தெரிந்த பாட் நிரலின் தடயம் இருக்கிறதா என்று பார்த்தது. 2020ல் வேலரன்ட் ஆட்டத்தோடு வந்த ரயட் நிறுவனத்தின் வேன்கார்ட் இன்னும் ஆழம். கணினி எழும்போதே இயக்குதளத்தின் அடிமட்டத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். 2024ல் லீக் ஆஃப் லெஜண்ட்ஸுக்கும் அதைக் கட்டாயமாக்கினார்கள்.

வலுவான முறைதான். ஆனால் வலுவான காவல்காரன் தவறினால் அடி பலமாக விழும். 2010 ஜூலையில் வால்வ் நிறுவனத்தின் காவல் நிரல் மாடர்ன் வார்ஃபேர் 2 ஆடிய ஏறத்தாழ 12,000 பேரை ஏமாற்றுக்காரர் என்று தடைசெய்துவிட்டது. உண்மையில் நடந்தது என்ன? வால்வின் விளையாட்டுக் கடையான ஸ்டீம் ஒரு கோப்பை வட்டில் புதுப்பித்திருந்தது. நினைவகத்தில் பழைய பிரதி ஓடிக்கொண்டிருந்தது. இரண்டும் பொருந்தவில்லை என்பதையே காவல் நிரல் களவு என்று எடுத்துக்கொண்டது. நிறுவனத் தலைவர் கேப் நியூவெல் மன்னிப்புக் கேட்டு, பாதிக்கப்பட்டவர்களுக்கு வேறொரு விளையாட்டை இலவசமாகக் கொடுத்தார்.

எங்களுக்கு இது ஆகாது. மாடு மேய்க்கிற ஆட்டத்துக்கு ஒருவன் தன் கணினியின் சாவிக்கொத்தைத் தரவேண்டும் என்று கேட்க எங்களுக்கு முகமில்லை. அப்படியொன்றை எழுதுகிற திறமையும் இல்லை என்பது இரண்டாவது காரணம். மச்சினன் அதை முதல் காரணமாகப் போடச் சொல்கிறான்.

செல் எண், ஆதார், கேப்சா

இவற்றைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். ஒரு கணக்குக்கு ஒரு செல் எண் என்றால் பாட் நடத்துகிறவனுக்குச் செலவு ஏறும். ஓவர்வாட்ச் 2 ஆட்டம் வந்தபோது, 2022 அக்டோபரில், செல் எண் கட்டாயம், அதிலும் ப்ரீபெய்டு எண் செல்லாது என்றார்கள். கூச்சல் கிளம்பியதும் பழைய ஆட்டக்காரர்களில் பெரும்பாலோருக்குத் தளர்த்தினார்கள். இந்தியாவில் பத்தில் ஒன்பதுக்கு மேல் ப்ரீபெய்டு. அந்த விதியை இங்கே வைத்தால் கடையைப் பூட்டிவிட்டு அல்வா விற்கப் போகலாம். ப்ரீபெய்டைச் சேர்த்துக்கொண்டாலும், மேலப்பாளையத்து வீட்டில் மூன்று பேருக்கு ஒரு சிம்தான்.

ஆதார்? 2025 பிப்ரவரியில் தமிழ்நாடு அரசு பணம் கட்டும் ஆன்லைன் ஆட்டங்களுக்கு ஆதார் சரிபார்ப்பும், நள்ளிரவு முதல் காலை 5 மணி வரை அடைப்பும் கொண்டுவந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் ஒன்றிய அரசின் சட்டம் பண ஆட்டங்களையே மொத்தமாகத் தடுத்தது. எங்கள் ஆட்டம் அந்தக் கூட்டத்தில் சேராது. சேராத இடத்தில் ஆதாரைக் கேட்டு வாங்கிப் பாதுகாக்கும் பாரம் எங்களுக்கு எதற்கு?

ஆள்தானா என்று சோதிக்கிற புதிரான கேப்சா வைத்தால் ஆட்டக்காரருக்கு எரிச்சல், பாட்காரனுக்குச் சில்லறைச் செலவு. கேப்சாவைக் காசுக்குத் தீர்த்துத் தர ஆட்கள் இருக்கிறார்கள்.

சந்தையையே பூட்டிவிட்டால்?

"அத்தான், ஆளுக்கு ஆள் நெல் கைமாத்துததையே நிறுத்திருவோம். வாங்க முடியாதுன்னா எவன் விப்பான்?" என்றான் மச்சினன். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. இதைச் செய்து பார்த்த ஒரு பெரிய ஆட்டத்தின் கதையை அவனுக்குச் சொன்னேன்.

ரூன்ஸ்கேப் நடத்துகிற ஜாகெக்ஸ் 2007 டிசம்பரில் தாராள கைமாற்றை நிறுத்தியது. ஏற்றத்தாழ்வான பேரம் செய்ய முடியாது. நண்பனுக்கு ஒரு வாள் பரிசாகக் கொடுக்கவும் வழியில்லை. தங்கம் விற்பவர்களுக்கு அடிதான். ஆனால் நேர்மையாக ஆடியவர்கள் கொதித்தார்கள். பலர் விலகினார்கள். மூன்று ஆண்டு கழித்து வாக்கெடுப்பு வைத்தார்கள். 12 லட்சம் வாக்கு விழுந்தது, 91 சதவீதம் பழைய கைமாற்று வேண்டும் என்றது. 2011 பிப்ரவரி 1 அன்று திறந்துவிட்டார்கள். திறந்த கதவில் பாட்களும் திரும்ப நுழைந்தன. அதே ஆண்டு அக்டோபர் 25 அன்று விளையாட்டின் உள் அமைப்பையே மாற்றி ஒரே நாளில் சுமார் 15 லட்சம் கணக்குகளைத் தடைசெய்ய வேண்டியதாயிற்று.

இந்தக் கதையில் எனக்குப் படுவது இது: சந்தையைப் பூட்டினால் பாட் போகும், சந்தைக்காகவே வந்தவனும் போவான். எங்கள் ஆட்டமே சந்தைதான். ஆனாலும் ஒரு சின்னத் துண்டை எடுத்துக்கொண்டோம். புதுக் கணக்கு முதல் ஏழு நாளைக்குச் சந்தையில் விற்கலாம், நேரடியாகக் கைமாற்ற முடியாது. புதிதாக வருகிறவன் ஏழு நாளில் யாருக்கும் தானம் செய்யப்போவதில்லை. பாட்காரனுக்குத்தான் அவசரம்.

கையின் நடை

இனி விஷயம் சூடு பிடிக்கும். ஆளா நிரலா என்பதைக் கையின் நடையை வைத்துப் பார்ப்பது. எங்கள் லாகில் ஒரு கணக்கின் மதிய நேரம் இப்படி இருந்தது:

அறுவடை 14:02:07. அறுவடை 14:02:11. அறுவடை 14:02:15. அறுவடை 14:02:19.

இது கத்துக்குட்டி பாட். நாலு விநாடிக்கு ஒரு தட்டு. பள்ளிக்கூடப் பையன்கூடப் பிடித்துவிடுவான். அடுத்த ரகம் கொஞ்சம் புத்திசாலி. மூன்று விநாடிக்கும் ஐந்து விநாடிக்கும் நடுவில் கண்டபடி இடைவெளி விடும். பார்வைக்கு ஆள் மாதிரி தெரியும். ஆனால் ஆயிரம் இடைவெளிகளை எடுத்து எந்த இடைவெளி எத்தனை முறை வந்தது என்று கட்டம் போட்டுப் பாருங்கள். மூன்று முதல் ஐந்து வரை ஒரே உயரம், செங்கல் சுவர் மாதிரி. இரண்டு பக்கமும் வெட்டிவிட்டது போல நிற்கும். மனிதக் கை அப்படி இருக்காது. ஒரு பக்கம் குவியும், மறுபக்கம் எலிவால் மாதிரி நீளும். அந்த வாலில்தான் வாழ்க்கை இருக்கிறது. அடுப்பில் பால் பொங்கியது, கண்டக்டர் டிக்கெட் கேட்டார், பக்கத்து வீட்டில் சண்டை, எட்டிப் பார்க்கப் போனது.

பீடி சுற்றுகிறவர்களைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். பழகிய கை, இலையை எடுப்பது, தூளைப் போடுவது, உருட்டுவது, முனை மடிப்பது எல்லாம் ஒரே ஓட்டம். ஆயிரம் சுற்றுகிற அம்மாவுக்கு நூறாவது பீடியிலும் எண்ணூறாவது பீடியிலும் வேகம் ஒன்றில்லை. பேச்சு சூடானால் கை வெரசாகும், மத்தியானம் சோம்பும்.

இதை ஆய்வாளர்கள் பல விதமாகப் பார்த்திருக்கிறார்கள். 2006ல் ரேக்னராக் ஆன்லைன் ஆட்டத்தின் வலைப் போக்குவரத்தை மட்டும் வைத்துத் தைவானில் பாட்டைப் பிரித்துக் காட்டினார்கள். 2009ல் அமெரிக்காவில், வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் ஆட்டத்தில் எலிக்கருவியும் விசைப்பலகையும் நகர்கிற விதத்தைப் பார்த்துப் பிரித்தார்கள். எனக்குப் பிடித்தது 2016ல் கொரியாவிலிருந்து வந்தது. லினியேஜ், அயான், பிளேட் அண்ட் சோல் ஆகிய மூன்று ஆட்டங்களின் லாகை எடுத்து, ஒரு கணக்கு தன்னைத் தானே எவ்வளவு காப்பி அடிக்கிறது என்று அளந்தார்கள். நாளைச் சின்னத் துண்டுகளாக வெட்டு. ஒவ்வொரு துண்டிலும் எத்தனை அறுவடை, எத்தனை விற்பனை, எத்தனை நடை என்று எண்ணு. துண்டும் துண்டும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று பார். ஆள் என்றால் காலை வேறு, மாலை வேறு. பாட்டுக்கு எல்லாத் துண்டும் ஒரே அச்சு.

இதன் அழகு என்னவென்றால், அடுத்த வீட்டோடு ஒப்பிடவே வேண்டாம், ஒருவனை அவனோடேயே ஒப்பிட்டால் போதும். விநாடிகளைக் கலைக்கிற பாட்டும் இதில் மாட்டும். எங்கள் சர்வரில் ஒரு இரவில் எழுதி ஓட்டிவிட்டேன்.

குறை? இரண்டு. ஒன்று, வேலை இல்லாமல் பத்து மணி நேரம் ஒரே வயலை அறுக்கிற ஆள் நிஜமாகவே உண்டு. அவன் பாட் மாதிரிதான் தெரிவான். மற்றது சட்டம். 2023ஆம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 9ஆம் பிரிவு, 18 வயது நிரம்பாதவர்களின் நடத்தையைக் கண்காணிப்பதைத் தடுக்கிறது. எங்கள் ஆட்டக்காரர்களில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஏராளம். அவர்கள் விரல் எத்தனை விநாடிக்கு ஒருமுறை அசைகிறது என்று கோப்பு சேர்ப்பது எனக்கு உறுத்துகிறது, சட்டம் இல்லாவிட்டாலும் உறுத்தும். அதனால் கையின் நடையைப் பொதுவாக எல்லோர் மீதும் ஓட்டுவதில்லை என்று முடிவு. வேறு வழியில் சந்தேகம் எழுந்த கணக்கைத்தான் பார்ப்பது, அதிலும் பிள்ளைகள் என்று பதிந்த கணக்கை விட்டுவிடுவது, பார்த்து முடிந்ததும் அழிப்பது.

அப்படியென்றால் சந்தேகத்தை எழுப்புவது எது?

வாய்க்கால் எங்கே போய் முடிகிறது

தாமிரபரணியில் கோடைமேலழகியானில் தொடங்கி ஸ்ரீவைகுண்டம் வரை எட்டு அணைக்கட்டு. எந்தக் கால் எந்தக் குளத்துக்குப் போகிறது, எந்த மடை திறந்தால் எவன் வயல் நனையும் என்று கரையோரத்துப் பெருசுகளைக் கேட்டால் சொல்லும். ராத்திரி மடையை எவன் திறந்தான் என்று காவல் இருந்து பார்க்கவே வேண்டாம். விடிந்ததும் தண்ணீர் எவன் வயலில் நிற்கிறது என்று பார்த்தால் போதும்.

பாட் கூட்டமும் அப்படித்தான். அறுக்கிற கணக்குகள் பல. அவை தாமே எதையும் அனுபவிப்பதில்லை. மாடு வாங்காது, வண்டிக்கு வர்ணம் பூசாது. நெல் எல்லாம் ஒரு சேமிப்புக் கணக்குக்குப் போகும், அங்கிருந்து இன்னொன்றுக்கு, அங்கிருந்து காசு கொடுத்து வாங்குகிறவனுக்கு. முகவரியை மாற்றலாம், போனை மாற்றலாம், விநாடியைக் கலைக்கலாம். நெல்லை ஓர் இடத்தில் சேர்க்காமல் அவனால் வியாபாரம் பண்ண முடியாது. அவன் தொழிலே அதுதான்.

ஈவ் ஆன்லைன் ஆட்டத்தை நடத்துகிற ஐஸ்லாந்து நிறுவனம் சிசிபி, 2009 ஜூனில் இப்படி வெளிப்பணத்துக்கு விற்கிற கூட்டத்தைக் குறிவைத்து ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட கணக்குகளை ஒரே வீச்சில் தூக்கியது. மொத்தக் கணக்குகளில் அவை 2 சதவீதம்தான். தூக்கியதும் சர்வரின் பளு சுமார் 30 சதவீதம் இறங்கியது. எங்கள் வாடகை சர்வருக்கு மாதா மாதம் பணம் கட்டுகிற மச்சினனுக்கு இந்தக் கணக்கைக் காட்டினேன். அதற்கப்புறம் அவன் வேறு வழி எதையும் பேசவில்லை. எவர்குவெஸ்ட் 2 ஆட்டத்தில் தங்கம் விற்பவர்களின் கைமாற்று வலையை எடுத்து, நிஜமான போதைப்பொருள் கடத்தல் கும்பலின் வலையோடு ஒப்பிட்ட ஆய்வு ஒன்று 2010ல் வந்தது. நிறைய ஒத்துப்போயிற்று. ஒளிந்து வாழ்கிறவன் எங்கிருந்தாலும் ஒரே மாதிரிதான் வாழ்கிறான் போலிருக்கிறது.

நாங்கள் செய்தது சின்ன வேலை. ஒவ்வொரு கைமாற்றையும் ஒரு கோடாகப் போட்டோம். பதிலுக்கு எதுவும் வராத கோடுகளை மட்டும் வைத்துக்கொண்டோம். சந்தைப் பேரம் இரண்டு பக்கமும் ஓடும். பாட்டின் நெல் ஒரு பக்கம்தான் ஓடும். தாள் முழுக்கச் சிலந்தி வலை. நடுவில் ஒரே ஒரு தடித்த புள்ளி: மூன்று மாதம் முன் திறந்த கணக்கு, நிலம் கிடையாது, மாடு கிடையாது, தினமும் இரவு இரண்டு மணிக்கு மேல் 43 கணக்குகளிலிருந்து நெல் வந்து விழுகிறது. அந்த 43ல் பாதிக்கு மேல் வேறு வேறு முகவரி, வேறு வேறு போன். முதலில் போட்ட ஐபி விதி இவற்றில் பெரும்பாலானதைத் தொடவே இல்லை. மேலப்பாளையத்து அம்மாவைத்தான் தொட்டது.

இந்த வழியிலும் அப்பாவி மாட்டுவான். அண்ணன் தம்பிக்குக் கொடுப்பான், கல்லூரிக் கூட்டாளிகள் சேர்ந்து ஒருவனைப் பெரிய பண்ணையார் ஆக்கிப் பார்ப்பார்கள். வித்தியாசம் இருக்கிறது: அங்கே கொடுக்கிறவனும் தனக்கென்று ஏதாவது வைத்துக்கொள்வான். எல்லாவற்றையும் கொடுத்துவிட்டு மறுநாளும் வெறுங்கையோடு அறுக்க வருகிற கூட்டாளியை நான் பார்த்ததில்லை.

பொறி

2023 பிப்ரவரியில் வால்வ் ஒரு வேலை செய்தது. டோட்டா 2 விளையாட்டுக்குள், சாதாரணமாக ஆடும்போது யாரும் தொடவே வாய்ப்பில்லாத இடத்தில் கொஞ்சம் தரவை வைத்தது. திருட்டு நிரல்கள் மட்டும் அதைப் படித்தன. 40,000க்கு மேற்பட்ட கணக்குகள் மாட்டின. அதே ஆண்டு செப்டம்பரில், தன் திறமையின் தரத்தை மறைத்து ஆடுகிற 90,000 உபகணக்குகளைத் தடைசெய்தபோது, ஒவ்வொன்றையும் அதன் தாய்க்கணக்கோடு முடிச்சுப் போட்டுவிட்டோம் என்றும் அறிவித்தது. தாய்க்கணக்குக்கும் ஆபத்து என்று தெரிந்தால் பயம் வரும்.

பொறி எங்களுக்கும் பிடித்தது. கண்ணுக்குத் தெரியாத ஒரு வயலைத் திரையில் வைக்கலாம், நிரல் மட்டும் போய் அறுக்கும் என்றான் கூட்டாளி. நான் தடுத்தேன். பாளையங்கோட்டையில் பார்வையற்றோர் பள்ளி நூற்றாண்டு கடந்து நிற்கிற ஊர் இது. திரையைக் குரலில் படித்துக்காட்டும் வசதியோடு ஆடுகிற பிள்ளைக்கு அந்தக் கண்ணுக்குத் தெரியாத வயல் காதில் விழும், தொட்டுவிடும். அதனால் பொறியைத் திரையில் வைக்காமல், சர்வருக்கும் செயலிக்கும் நடுவில் ஓடுகிற தரவில் வைத்தோம்: எங்கள் செயலி ஒருபோதும் கேட்காத ஒரு வயல் எண். செயலியை ஒதுக்கிவிட்டு நேரடியாகச் சர்வரோடு பேசுகிற நிரல்தான் அதைக் கேட்கும். 43ல் 19 முதல் நாளே கேட்டுவிட்டன.

உடனேயா, சேர்த்தா?

பிடித்தவனை அந்த நிமிடமே தடைசெய்தால், எதைச் செய்ததும் மாட்டினோம் என்று அவனுக்குத் தெரிந்துபோகும், அன்றைக்கே திருத்திவிடுவான். சேர்த்து வைத்து ஒரே நாளில் அடித்தால் தெரியாது. ஆனால் சேர்த்து வைக்கிற நாளெல்லாம் நெல் விலை விழுந்துகொண்டே இருக்கும், நேர்மையாக ஆடுகிறவன் நம்மைத் திட்டுவான். நாங்கள் மூன்று வாரம் என்று வைத்தோம். நடுவில் அந்தத் தடித்த புள்ளியிலிருந்து வெளியே போகிற நெல்லின் வேகத்தை மட்டும் சத்தமில்லாமல் குறைத்தோம். வாங்குகிறவர்கள் அவனிடம் சண்டைக்குப் போயிருப்பார்கள் என்று நினைக்கும்போது எனக்கு ஒரு அற்ப சந்தோஷம்.

ஆக நாங்கள் எடுத்தது: கண்டுபிடிக்கவும் முடிச்சுப் போடவும் நெல் போகிற போக்கு. ஆளா நிரலா என்று உறுதிசெய்யப் பொறியும், சந்தேகப்பட்டவர்களுக்கு மட்டும் கையின் நடையும். ஐபி, போன் அடையாளம் இரண்டும் விசாரணைத் தாளின் ஓரத்தில் பென்சில் குறிப்பு. ஒரே ஒரு சாட்சியத்தை வைத்து யாரையும் தடைசெய்வதில்லை. யாரைத் தடைசெய்தாலும் ஆளொருவர் தாளைப் படித்த பிறகுதான். பத்தாயிரக்கணக்கில் ஆட்கள் ஆடுகிற ஆட்டத்துக்கு இது ஓடாது என்பது தெரியும். அங்கே ஆள் படிக்கிற இடத்தில் முறையீட்டு வாசலாவது அகலமாக இருக்கட்டும்.

மூன்றாவது வாரம் ஒரு விஷயம் கேட்காமலே வந்து விழுந்தது. பேப்பரில் "நாளைய மின்தடை" பகுதியில் மாதாந்திரப் பராமரிப்பு என்று நம் பக்கத்துத் துணைமின் நிலையம் ஒன்றின் பெயர். காலை 9 மணி முதல் மாலை 5 வரை. மறுநாள் 9 மணி 2 நிமிடத்துக்கு எங்கள் திரையில் ஒரு பள்ளம். 43ல் 41 கணக்குகள் ஒரே நிமிடத்தில் அணைந்தன. அத்தனை முகவரி, அத்தனை போன் என்று வேஷம் போட்டவை எல்லாம் ஒரே அறையில், ஒரே மீட்டரில் ஓடியிருக்கின்றன. மாலை கரண்ட் வந்ததும் இருபது விநாடிக்கு ஒன்றாக வரிசையில் எழுந்து வந்தன, பள்ளிக்கூடப் பிரேயருக்கு நிற்கிற மாதிரி. மச்சினன் திரையைப் பார்த்துக் கையைத் தட்டினான். "அத்தான், மின்வாரியத்துக்கு ஒரு மாலை வாங்கிப் போடணும்."

41ஐயும், நடுப்புள்ளியையும் அன்று இரவே தூக்கினோம். மீதி இரண்டு கணக்கு மின்தடை முழுக்க அறுத்துக்கொண்டே இருந்தன. பதிந்த வயது இருபதுக்கு மேல் என்பதால் கையின் நடையைப் பார்த்தேன். எலிவால் நீளமாகவே இருந்தது. பொறியையும் தொடவில்லை. ஆட்கள்தான். ஆனால் அறுத்ததெல்லாம் ஒரு நெல்மணி விடாமல் நடுப்புள்ளிக்குப் போயிருக்கிறது. இரண்டு பேருக்கும் ஆட்டத்துக்குள் செய்தி அனுப்பிக் கேட்டோம். ஒருவர் பதிலே போடவில்லை. இன்னொருவர் இரவு பதினொரு மணிக்கு எழுதினார்:

"அவுக மாசம் ஆயிரம் ரூவா தாராவ அண்ணாச்சி. மத்தியானம் வீட்டுல சும்மாத்தான இருக்கேன், நானே கையால அறுத்துக் குடுக்கேன். மிசின் எல்லாம் எனக்குத் தெரியாது. இந்த மாசத் துட்டு இன்னும் வரல. அவுக ஐடி எங்க போச்சு, உங்களுக்குத் தெரியுமா?"

மச்சினன் அதைப் படித்துவிட்டு ஃபேனை அணைத்தான். பதில் இன்னும் எழுதவில்லை.